மேசைமேல் ஒரு மேட்டுப் பாதை

எழுபத்தைந்து வயதைத் தொட்டுவிட்ட ஒரு கணக்கு வாத்தியார் பொம்மைப் புகையிரதத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுத முற்படுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். சில வாரங்களுக்கு முன் எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒரு மாணவர் கண்காட்சி நடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதலாக ஒரு விஷயம் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. யாரிடமாவது சொல்லித் தீர்க்காவிட்டால் இரவில் நித்திரை வராது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு மேசைகளை அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். முதல் மேசையில் வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வந்திறங்கிய ஒரு ரயில் அமைப்பு. உயர்ந்து செல்லும் பாதையைத் தாங்குவதற்கான பிளாஸ்டிக் தூண்கள்கூட, சிறிதிலிருந்து பெரிதாக இலக்கமிடப்பட்டு, அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தனவாம். இலக்கப்படி நிறுத்தி மேலே தண்டவாளத்தைப் பொருத்திவிட்டால் வண்டி மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழிறங்கி ஓடும். ஓடவும் ஓடியது. பார்க்க அழகாகவே இருந்தது. இரண்டாவது மேசையில் மூன்று பையன்கள் பழைய பெட்டிப் பலகை, அட்டை, பசை, கோணிச் சாக்கு ஆகியவற்றைக் கொண்டு, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை எழுப்பியிருந்தார்கள். வளைவுகளின் மேல் கல்வேலை தெரியும்படி தேயிலைச் சாயத்தைப் பூசியிருந்த அழகை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவர்களுடைய எஞ்சின், எங்கேயோ பழைய சாமானாக வாங்கியது, பாலத்தை நோக்கி ஏறும் மேட்டில் பாதிவழி வந்து நின்றுவிட்டது. சில்லுகள் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. பையன்களில் ஒருவன் யாரும் பாராத சமயம் என்று நினைத்துக்கொண்டு சுண்டுவிரலால் மெல்லத் தள்ளிவிட்டான். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பரிசு முதல் மேசைக்குப் போயிற்று. ஓடாத வண்டிக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. என் மனத்தாங்கல் வேறு. அந்த வண்டி ஏன் ஏறவில்லை என்று அந்த மண்டபத்தில் ஒருவராவது அப்பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மதிப்பிட வந்த பெரியவர்களில் ஒருவர், இதெல்லாம் காசுள்ளவர்களின் விளையாட்டு, உங்களுக்கு எதற்கு என்ற பாவனையில் சிரித்துவிட்டு நகர்ந்தார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரலால் தள்ளியவன் என் மகளின் பிள்ளை. ஆகவே என் தராசு சிறிது சாய்ந்திருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

ஏன் ஏறவில்லை? வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். உண்மைப் பாலம் ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடையது, 1921-இல் திறக்கப்பட்டது. பையன்கள் எடுத்துக்கொண்ட அளவு, ஓரடிக்கு நான்கு மில்லிமீற்றர். அந்த அளவில் பாலம் நாலடி நீளமும், ஓரடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் இருக்கவேண்டும். அவ்வளவு உயரம் தாங்காது என்று அவர்களாகவே அரையடியாகக் குறைத்துக்கொண்டார்கள். மேசை எட்டடி நீளம், நாலடி அகலம். முனையில் வளைந்து திரும்புவதற்கு விட்டது போக, ஏறுவதற்குக் கிடைத்த நீளம் ஆறடி. ஆறடிக்குள் அரையடி ஏறினால் அது 12-க்கு 1 என்ற சரிவு. அதாவது பன்னிரண்டடி நடந்தால் ஓரடி உயரவேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் மிகக் கடினமான இடத்திலும் ஏறத்தாழ இதே சரிவுதான். அங்கே 1899 முதல் இன்றுவரை வண்டி ஏறுவது வெறும் தண்டவாளத்தை நம்பியல்ல. நடுவே பல்வரிசைத் தண்டொன்றைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. நம் பையன்கள் பல்லில்லாத எஞ்சினை ஊட்டிக்குப் போகச் சொன்னார்கள்!

நம் நாட்டு மலைப்பாதையில் மிகக் கடினமான சரிவு 44-க்கு 1. ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று கேட்கத் தோன்றும். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகமிகக் குறைவு. சமநிலத்தில் ஆயிரம் கிலோ பாரத்தை உருட்ட இரண்டு மூன்று கிலோ இழுவை போதும். அதே பாரத்தை 44-க்கு 1 சரிவில் ஏற்ற, அதற்குமேல் இருபத்திரண்டு கிலோவுக்கு அதிகமான இழுவை வேண்டும். எட்டு ஒன்பது மடங்கு! புகையிரதத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கின்றன. பொம்மை வண்டியில் அச்சுகள் அத்தனை வழவழப்பாக இருப்பதில்லை. நூறு கிராம் பெட்டியொன்றைச் சமநிலத்தில் இழுக்கவே மூன்று கிராம் அளவுக்கு இழுவை வேண்டியிருக்கிறது. 40-க்கு 1 மேட்டில் அது ஏறக்குறைய இருமடங்கு. 12-க்கு 1 மேட்டில் நான்கு மடங்குக்குக் கிட்ட. எஞ்சின் தன்னுடைய பாரத்தையும் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் இல்லாமல் எப்படி முடியும்?

இந்தச் சங்கடத்தை நான் ஏழாவது வயதிலேயே அனுபவித்தவன். 1957 அக்டோபரில் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட காலம் அது. போகிற துரைமார் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். கதிரை, அலுமாரி, பீங்கான் என்று ஊரே வாங்கியது. என் தகப்பனார் வாங்கி வந்தது தகரத்தாலான ஒரு ஹோர்ன்பி எஞ்சின். கூடவே வட்டமாகப் பொருத்தக்கூடிய சில தகரத் தண்டவாளங்கள். சாவி கொடுத்தால் ஓடும். 1920-இல் லிவர்பூல் நகரில் பிறந்த அந்தச் சாதி எஞ்சின்களில் ஒன்று, எங்கள் விறாந்தையின் சீமெந்துத் தரையில் ஓடியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குளிர்கிறது. வட்டமாக ஓடி ஓடி அலுத்தபின், எல்லாப் பிள்ளைகளையும் போல எனக்கும் அதை மேலே ஏற்றவேண்டும் என்ற ஆசை வந்தது. பாடப்புத்தகங்களை அடுக்கித் தண்டவாளத்தை அவற்றின்மேல் சாய்த்தேன். எஞ்சின் பாதி ஏறி, மூச்சு முட்டி, பின்னோக்கிச் சறுக்கித் தலைகுப்புற விழுந்தது.

தகப்பனார் அப்போது கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையே பாதை பழுதுபார்க்கும் ஆட்களுக்குத் தலைவராக இருந்தார். அன்று வேலை முடிந்து வந்தவர் என் அழுகையைப் பார்த்துவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். புத்தகங்களை எடுத்துவிட்டு, விறகுச் சிராய்களைச் சீவி, முதலாவதை நகத்தின் கனத்துக்கும், அடுத்ததை அதைவிடச் சிறிது கனமாகவும், இப்படியே பத்துப் பன்னிரண்டு ஆப்புகள் செய்து தண்டவாளத்தின் கீழே சொருகினார். கடைசியில் உயர்வு இரண்டு விரற்கடைகூட இல்லை. எஞ்சின் ஏறியது. “மேடு வந்தது வண்டிக்குத் தெரியக்கூடாதடா” என்றார். பாதை போடுவதைப் பற்றி நான் பிற்பாடு படித்த புத்தகங்களெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு விரிவுரைகள் என்றே நினைக்கிறேன்.

சமநிலத்திலிருந்து சரிவு தொடங்கும் இடத்தில்தான் பொம்மைப் பாதைகள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன. அங்கே ஒரு முறிவு இருந்தால் எஞ்சினின் முன்சில்லு அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். கொளுவிகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை. மெல்லிய ஒட்டுப்பலகையைப் பாதையின் அகலத்துக்கு நீளவாட்டில் அறுத்து, ஒரு முனையை மேசையோடு இறுக்கிவிட்டு, மறுமுனையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். முறிவில்லாமல், சமநிலத்திலிருந்து சரிவுக்கு ஒரு நளினமான வளைவைப் பலகை தானாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வளைவைக் கெடுக்காமல் கீழே முட்டுக்கட்டை கொடுப்பதுதான் நமது வேலை. முட்டுகள் தூரத்தூரமாக இருந்தால் நடுவே பலகை தொய்யும். முக்கால் அடிக்கு ஒன்று வைத்தால் நல்லது. எங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு. இரும்பாணி ஒரு மாரி காலத்துக்குள் துருவேறிவிடும். பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஆகவே அறுத்த பக்கங்களுக்கும் சேர்த்து வர்ணம் பூசவேண்டும். தண்டவாளத் துண்டுகளுக்கிடையே மயிரிழை இடைவெளி விடவும் வேண்டும். வெய்யிலில் இரும்பு நீளும் என்பது பாடசாலையில் நாம் மனப்பாடம் செய்த விஷயந்தான். மேசைமேல் தண்டவாளம் நெளிந்து நிற்கும்போதுதான் பிள்ளைக்கு அது உறைக்கிறது.

(ஓர் இடைச்செருகல். கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். நம் நாட்டு அகலப்பாதையின் ஐந்தரை அடியை அப்பையன்களின் அளவுக்குக் குறைத்தால் 22 மில்லிமீற்றர் வரவேண்டும். அதாவது கடைத் தண்டவாளத்தில் ஓடும் நமது வண்டி, நாலடி ஒன்றரை அங்குலப் பாதையில் ஓடுவதற்குச் சமம். அகன்ற தோளுள்ள மனிதன் குழந்தையின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல. இதைச் சரிசெய்ய முனைபவர்கள் தண்டவாளத்தைத் தாங்களே செய்யவேண்டியதுதான். அந்தப் பைத்தியம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.)

இனி, பாலத்துக்கு வருகிறேன். எல்லவில் அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் வண்டியை 80 அடி உயரத்துக்குத் தூக்கவில்லை. வண்டி மலையின் விலாவோடு தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. நடுவே பள்ளத்தாக்கு ஒன்று குறுக்கிட்டது. பள்ளத்தைத் தாண்டக் கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் கொண்டு வளைவுகளை எழுப்பினார்கள். வண்டிக்குப் பள்ளம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நம் பையன்களோ தட்டையான மேசையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் பாலத்தை நிறுத்தி, அந்தப் பாலத்துக்கு வண்டியை ஏற்ற முயன்றார்கள். பிழை எஞ்சினில் இல்லை; மேசையில் இருக்கிறது. உயர்ந்த பாலம் வேண்டுமானால் மேசைப் பலகையில் பாலம் வரும் இடத்தை அறுத்து எடுத்துவிட்டு, பள்ளத்தாக்கை அதற்குக் கீழே, தரையை நோக்கித் தொங்கவிடவேண்டும். தண்டவாளம் மட்டமாகவே இருக்கும். பார்க்கிறவன் கண்ணுக்குப் பாலம் ஓரடி என்ன, இரண்டடி உயரத்தில்கூட நிற்கும்.

இல்லை, ஏறித்தான் தீருவேன் என்ற பிடிவாதம் இருந்தால் அதற்கும் வழி பக்கத்து நிலையத்திலேயே இருக்கிறது. தெமோதரையில் பாதை ஒரு முழு வளையமாகச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் நுழைந்து போகிறது. மலைக்காட்டில் பொறியியலாளர் வழி தெரியாமல் திகைத்து நின்றாராம். அப்போது ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து இந்த யோசனை உதித்ததாம். இப்படி ஒரு கதையை மலைநாட்டில் சொல்லுவார்கள். கதை எப்படியோ, கணக்கு அழகானது. 21 அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். ஏழில் இருபத்திரண்டு என்ற பழைய வாய்ப்பாட்டின்படி சுற்றளவு 132 அங்குலம். 44-க்கு 1 வீதம் ஏறினால் ஒரு சுற்றில் மிகச்சரியாக மூன்று அங்குல உயர்வு. நாலடிப் பலகைக்குள் இந்த வட்டம் அடங்கும்; மூன்று அங்குல உயரத்தில் கீழே ஒரு வண்டி தாராளமாக நுழைந்து போகும். மலைப்பாதையின் அதே சரிவு! பேரனிடம் இதைக் காட்டியபோது அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாலத்தைப் படத்தில் நூறு முறை பார்த்த பிள்ளைகள் அடுத்த நிலையத்தைப் பார்க்கவில்லை.

அது அவர்கள் குற்றமல்ல. உல்லாசப் பிரயாணிகளுக்கான படங்களில் வருவதே புகையிரதம் என்று நாம் அவர்களைப் பழக்கிவிட்டோம். நம் வாசலுக்கு வரும் பாதையை யார் பார்த்தார்கள்? கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையைப் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக இங்கு வந்து முடியும் இப்பாதை 1927-இல் திறக்கப்பட்டது. இதில் வானளாவிய வளைவுகள் இல்லை. ஆனால் தம்பலகாமத்து வயல்வெளியை ஒரு மாரி காலத்தில் பார்த்தவர்கள் அறிவார்கள், பாதை எவ்வளவு முக்கியமான உயரத்தில் நிற்கிறது என்பதை. மண்ணைக் கொட்டி இறுக்கிய கரைமேடு. அதன்மேல் கருங்கல் சல்லி. இடையிடையே தண்ணீர் இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் போக மதகுகள். என் தகப்பனார் மதகுகளை எண்ணிக்கொண்டு நடந்தவர். இலை, செத்தை, மிதந்து வந்த மாட்டின் உடல் என்று எதை எதையோ அவற்றின் வாயிலிருந்து இழுத்துப் போட்டவர். கரைமேடு தானே ஓர் அணையாகிவிட்டால் ஓரிரவில் வெள்ளம் அதைக் கரைத்துவிடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. மழை பெய்தால் வீட்டில் இருக்கமாட்டார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போனபின், மலைநாட்டுப் பாதையின் படங்களைப் பத்திரிகைகளில் எல்லோரும் பார்த்தோம். கீழே மண் போய்விட்டது. தண்டவாளமும் கட்டைகளும் ஏணியைப்போல அந்தரத்தில் தொங்கின. 1964 டிசம்பரில் பாம்பன் பாலத்தைக் கடல் கொண்டுபோனபோது பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உயர்த்திப் போட்ட பாதை என்றால் அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும். இலக்கமிட்ட பிளாஸ்டிக் தூண்களுக்குக் கீழே ஒன்றும் நடப்பதில்லை. அவற்றை நான் வெறுக்கவில்லை. மழைநாளில் குழந்தைக்கு அவை நல்ல துணை. ஆனால் கண்காட்சி என்ற பெயரில் அவற்றுக்குப் பரிசளிக்கும்போது, வாங்கியதற்கும் செய்ததற்கும் உள்ள பேதத்தை நாமே அழித்துவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம். மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் மாணவனிடம், இந்தச் சரிவு எத்தனைக்கு ஒன்று என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே.

காசுள்ளவர்களின் விளையாட்டு என்ற பேச்சையும் நான் முழுவதும் ஏற்கவில்லை. முழுவதும் தள்ளவும் முடியவில்லை. எஞ்சின் விலை உண்மையிலேயே கொடுமை. ஓர் எஞ்சினை ஒரு வகுப்பே பங்குபோட்டுக் கொள்ளலாம்; அதைவிட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாதைக்கும் மேட்டுக்கும் பாலத்துக்கும் வேண்டிய பலகை ஒரு துறைமுக ஊரில் கிடைக்காமலா போகும்? சாமான் வந்திறங்கும் பெட்டிகளை உடைத்து விறகாக விற்கிறோம். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தின் பழைய பண்டகசாலை ஒன்றில், 2001-இல் தொடங்கிய ஒரு பொம்மை ரயில் உலகம் இருக்கிறது. பதினாறு கிலோமீற்றர் தண்டவாளம் அங்கே ஓடுகிறது. அவ்வளவு வேண்டாம். நம் பாடசாலைகளில் ஏதாவது ஒன்றில், உடைந்த வாங்குகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும்.

இதையெல்லாம் பேரனிடம் பிரசங்கமாகச் சொல்லி முடித்தேன். தம்பலகாமத்துக் கரைமேட்டைச் செய்யுங்கள், மதகோடு செய்யுங்கள், 100-க்கு 1 சரிவுகூட வேண்டியிராது, எஞ்சின் சிரித்துக்கொண்டே ஓடும் என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கரைமேட்டைப் பார்க்க யார் அம்மப்பா வருவினம்?” என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நியாயமான கேள்வி. ஏழு வயதில் எனக்கும் ஆசை வந்தது மேலே ஏறுவதற்குத்தான், மதகு பார்ப்பதற்கல்ல. பிறகு அவனே, மேசையை அறுக்கலாம் என்று சொன்னீர்களே, பள்ளத்தை வெட்டிவிட்டு அதற்குள் உண்மையான தண்ணீர் விட்டால் என்ன என்று கேட்டான். மதகை ஒரு பக்கம் அடைத்து வைத்து, தண்ணீர் ஏற ஏறக் கரை எப்படிக் கரைகிறது என்று சனங்களுக்குக் காட்டலாமாம். வண்டி அதன்மேல் நிற்கவேண்டுமாம். எஞ்சின் நனையாதா என்றேன். அந்த நேரம் வேறு ஏதாவது தகர எஞ்சினை வைக்கலாம் என்று சொல்லிவிட்டு, என் அலுமாரியின் மேற்தட்டை நிமிர்ந்து பார்த்தான்.

அந்த ஹோர்ன்பி அங்கேதான் இருக்கிறது. வில் அறுந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. இன்னும் சம்மதம் சொல்லவில்லை. தகப்பனாரின் ரசமட்டத்தை மட்டும் எடுத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். குமிழி இன்னும் நடுவில் நிற்கிறது. வருகிற சனிக்கிழமை மற்ற இரண்டு பையன்களும் வாளோடு வருகிறார்கள்.